நாய்க்குள் ஒளிந்திருந்த நரம்புச் சிலந்தி: சாட் நாட்டின் புதிருக்கு மரபணு சொன்ன பதில்

2019-ம் ஆண்டில் மத்திய ஆப்பிரிக்க நாடான சாட்டில் கினிப் புழு நோய் வந்த மனிதர்கள் 50 பேர்கூட இல்லை. அதே ஆண்டு, அதே நாட்டில், அந்தப் புழு வெளியே வந்த நாய்கள் சுமார் 1,900.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். இது மனிதர்களின் நோயா, நாய்களின் நோயா? சும்மா கேட்கிற கேள்வி இல்லை இது. பெரியம்மைக்குப் பிறகு உலகத்திலிருந்தே துடைத்தெறியப்படப் போகும் இரண்டாவது மனித நோய் என்று கினிப் புழு நோயைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். 1986-ல் 21 நாடுகளில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2024-ல் உலகம் முழுக்க 15 பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இலக்கைத் தொட ஒரு கைப்பிடி தூரம்தான். அந்த இடத்தில்தான் நாய் குறுக்கே வந்தது.

நாய்க்குள் இருக்கும் புழுவும் மனிதனுக்குள் இருக்கும் புழுவும் ஒன்றா, வேறா? பத்து ஆண்டுகள் காணாமல் போயிருந்த புழு எங்கிருந்து திரும்பி வந்தது? இதற்குக் கண்ணால் பார்த்து பதில் சொல்ல முடியாது. புழுவின் மரபணுவைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

முதலில், இது என்ன நோய்?

டிராகன்குலஸ் மெடினென்சிஸ் என்பது புழுவின் அறிவியல் பெயர். தமிழில் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது: நரம்புச் சிலந்தி. காலில் ஒரு கொப்புளம் வந்து, அது உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று எட்டிப்பார்க்கும். அதுதான் பெண் புழு. நீளம் சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர். நம் கை நீளத்தைவிட அதிகம்.

உடலுக்குள் அது எப்படிப் போகிறது? குளம், குட்டைத் தண்ணீரில் சைக்ளோப்ஸ் என்று ஒரு நுண்ணுயிர் உண்டு. தண்ணீர்ப் பூச்சி என்றும் சொல்வார்கள். அதற்குள் இந்தப் புழுவின் குஞ்சுகள் இருக்கும். வடிகட்டாத தண்ணீரைக் குடித்தால் பூச்சியும் உள்ளே போகும், புழுவும் உள்ளே போகும். வயிற்றில் பூச்சி செத்துவிடும், புழுக்குஞ்சு வெளியே வந்து உடலுக்குள் வளரும். ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறகு ஆண் புழு இறந்துவிடும். பெண் புழு சுமார் ஒரு வருடம் கழித்து தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், பெரும்பாலும் காலில்.

அந்த இடம் நெருப்பாய் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் நனைப்பார்கள். புழு காத்திருப்பது அதற்குத்தான். தண்ணீர் பட்டதும் லட்சக்கணக்கான குஞ்சுகளைக் கொட்டிவிடும். மறுபடி பூச்சி, மறுபடி குடிதண்ணீர், மறுபடி ஒரு மனிதர். இப்படியே சுற்றும்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. குணப்படுத்த மருந்தும் கிடையாது. வெளியே வரும் புழுவை ஒரு சிறிய குச்சியிலோ துணியிலோ சுற்றி, ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் என்று மெதுவாக இழுக்கணும். அவசரப்பட்டு அறுந்துபோனால் புண் சீழ் பிடித்து இன்னும் மோசமாகும். ஆளைக் கொல்வது அபூர்வம். ஆனால் வாரக்கணக்கில் படுக்க வைத்துவிடும். விதைக்கிற நேரத்தில் வந்தால் அந்த வருட விளைச்சலே போச்சு.

நம்ம ஊரில் இருந்ததா?

இருந்தது. இந்தியாவில் 1980-களின் தொடக்கத்தில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம் எனப் பல மாநிலங்களில் இந்த நோய் பரவலாக இருந்தது. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. பெயரே தமிழில் இருப்பது சும்மா இல்லை. 1984-ல் நாடு முழுக்க சுமார் 40,000 பேருக்கு இருந்ததாகக் கணக்கெடுத்தார்கள்.

படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகளை மூடி, கைப்பம்புகளைப் போட்டு, தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லி, நீர்நிலைகளில் மருந்து ஊற்றி, வீடுவீடாகத் தேடினார்கள். 1996 ஜூலையில் ராஜஸ்தானில் பதிவானதுதான் இந்தியாவின் கடைசி நோயாளி. 2000 பிப்ரவரியில் உலக சுகாதார அமைப்பு இந்தியாவை நோயற்ற நாடாக அறிவித்தது.

தடுப்பூசியும் இல்லாமல், மருந்தும் இல்லாமல், வெறும் துணியையும் கிணற்றையும் வைத்து ஒரு நோயை ஒழித்த கதை இது. இது சாத்தியமானதற்கு ஒரு அடிப்படை நம்பிக்கை இருந்தது: இந்தப் புழுவுக்கு மனிதனை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மனிதர்களிடம் சங்கிலியை அறுத்தால் புழு தானாகச் செத்துவிடும்.

சாட்டில் என்ன நடந்தது?

சாட் நாட்டில் 2000-க்குப் பிறகு ஒரு நோயாளிகூடப் பதிவாகவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அவர்களுக்கும் சான்றிதழ் கிடைக்கும் என்ற நிலை. 2010-ல் திடீரென 10 பேருக்கு நோய் வந்தது. அடுத்த ஆண்டும் அதே போல. பெரும்பாலும் சாரி ஆற்றங்கரைக் கிராமங்கள்.

வந்த விதம் விசித்திரமாக இருந்தது. வழக்கமாக இந்த நோய் ஒரு கிராமத்துக்குள் வந்தால், ஒரே குட்டையில் தண்ணீர் குடித்த பத்துப் பதினைந்து பேருக்கு ஒன்றாக வரும். இங்கே ஒரு ஊரில் ஒருவர், இன்னொரு ஊரில் ஒருவர் என்று சிதறி வந்தது. அடுத்த வருடம் அதே ஊரில் யாருக்கும் வரவில்லை. சம்பந்தமே இல்லாத வேறு ஊரில் வந்தது. சங்கிலியின் கண்ணிகள் எங்கோ மறைந்திருந்தன.

2012-ல் விடை நடந்தே வந்தது, நான்கு காலில். நாய்களின் காலிலிருந்து புழு வெளிவருவதைக் கிராமத்தினர் காட்டினார்கள். தேடத் தொடங்கியதும் எண்ணிக்கை ஏறியது. 2014-ல் நூற்றுச் சொச்சம் நாய்கள். 2015-ல் சுமார் 500. 2016-ல் 1,000-ஐத் தாண்டியது. நோய் பெருகியதா, தேடல் பெருகியதா என்று கேட்டால், இரண்டுக்கும் பங்கு இருக்கலாம். மனித எண்ணிக்கையோ அதே பத்து, பதினைந்து என்றே இருந்தது.

மூன்று சந்தேகங்கள்

அப்போது நிபுணர்கள் முன்னால் மூன்று விளக்கங்கள் இருந்தன.

ஒன்று: நாய்ப் புழு வேறு இனம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உண்மையில் நாய்க்கென்றே உள்ள புழு. வட அமெரிக்காவில் ரக்கூன்களுக்கும் நீர்நாய்களுக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தனித்தனிப் புழுக்கள் இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அப்படியென்றால் நாய்களைப் பற்றிக் கவலைப்படாமல் மனிதர்களை மட்டும் கவனித்தால் போதும்.

இரண்டு: புழு வெளிநாட்டிலிருந்து வந்தது. அப்போது நோய் மிச்சமிருந்த எத்தியோப்பியா, மாலி, இன்றைய தெற்கு சூடான் பகுதிகளிலிருந்து யாரோ கொண்டுவந்திருக்கலாம். அப்படியென்றால் எல்லையில் கண்காணிப்பைக் கூட்டணும்.

மூன்று: புழு சாட்டை விட்டுப் போகவே இல்லை. பத்து ஆண்டுகளும் அங்கேயே இருந்தது, யாரும் பார்க்கவில்லை. அப்படியென்றால் பத்து ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட 'பூஜ்யம்' பொய்யான பூஜ்யம்.

ஒவ்வொரு விளக்கத்துக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு, செலவு வேறு. தப்பான விளக்கத்தை நம்பினால் பணமும் வருடங்களும் வீண். அதனால்தான் புழுக்களை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

மரபணுவில் எதைப் பார்த்தார்கள்?

வாட்ஸ்அப் ஃபார்வர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு செய்தியை டைப் செய்து அனுப்புகிறார். அடுத்தவர் அதை அப்படியே அனுப்பாமல் மறுபடி டைப் செய்து அனுப்புகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்து அங்கே மாறும், ஒரு எழுத்து இங்கே விடுபடும். ஆயிரம் பேரைத் தாண்டிய பிறகு எல்லாப் பிரதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தப் பிரதி எதிலிருந்து வந்தது என்று எழுத்துப் பிழைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

டிஎன்ஏவும் அப்படித்தான். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் படியெடுக்கும்போது சின்னச் சின்ன மாற்றங்கள் சேரும். இந்த மாற்றங்களின் மொத்தத்தைத்தான் மரபணுப் பன்முகத்தன்மை என்கிறார்கள்.

புழுக்களில் இரண்டு இடங்களைப் பார்த்தார்கள். ஒன்று, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. இது தாயிடமிருந்து மட்டுமே வரும். அதனால் தாய்வழிப் பரம்பரையைத் தொடர்ந்து போகலாம். இன்னொன்று, மைக்ரோசாட்டிலைட். ஓரிரு எழுத்துகள் கொண்ட துணுக்கு திரும்பத் திரும்ப வரும் இடம். எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது புழுவுக்குப் புழு மாறும். இது இரு பெற்றோரிடமிருந்தும் வருவதால் யாருக்கு யார் நெருங்கிய உறவு என்று காட்டும்.

இதில் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. ஒரு ஊருக்கு வெளியிலிருந்து இரண்டே இரண்டு பேர் ஃபார்வர்டைக் கொண்டுவந்திருந்தால், அங்கே சுற்றும் பிரதிகளில் வித்தியாசம் குறைவாகவே இருக்கும். எல்லாம் அந்த இரண்டின் நகல்கள்தானே. மாறாக ஒரு ஊரில் விதவிதமான பிரதிகள் ஏகப்பட்டது சுற்றுகிறது என்றால், அது அங்கே ரொம்ப காலமாக, ரொம்பப் பேரிடம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புழுவுக்கும் இதே கணக்குதான். குறைந்த பன்முகத்தன்மை என்றால் புதிதாக வந்த சிறு கூட்டம். அதிகப் பன்முகத்தன்மை என்றால் நெடுநாள் குடியிருக்கும் பெருங்கூட்டம்.

என்ன தெரிந்தது?

முதல் சந்தேகம் சீக்கிரமே விழுந்தது. நாயிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் எடுத்த புழுக்களின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட முடிவுகள் 2014-லேயே வெளிவந்தன. ஒரே இனம்.

2018-ல் நான்கு நாடுகளின் புழுக்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வு வந்தது. சாட், எத்தியோப்பியா, மாலி, தெற்கு சூடான் ஆகிய நாடுகளில் மனிதரிடமும் விலங்குகளிடமும் எடுத்த பெண் புழுக்கள். அதில் மூன்று விஷயங்கள் தெளிவாயின.

முதலாவது, புழுக்கள் ஊர்வாரியாகப் பிரிந்தன, உடல்வாரியாகப் பிரியவில்லை. அதாவது சாட்டில் ஒரு நாயிடம் எடுத்த புழு, மாலியின் நாய்ப் புழுவைவிட சாட்டின் மனிதப் புழுவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். நாய்க்கு ஒரு சுற்று, மனிதனுக்கு ஒரு சுற்று என்று தனித்தனியாக இல்லை. ஒரே கூட்டம்தான் இரண்டு பேரிடமும் போய் வருகிறது.

இரண்டாவது, மற்ற மூன்று நாடுகளும் சாட் புழுக்களின் மூலம் அல்ல. பரம்பரை வரிசை அங்கே போய்ச் சேரவில்லை. வெளியிலிருந்து வந்தது என்ற விளக்கத்துக்கு அந்த மூன்று நாடுகளும் கைகொடுக்கவில்லை.

மூன்றாவதுதான் பெரிய அடி. சாட் புழுக்களின் பன்முகத்தன்மை மற்ற மூன்று நாடுகளைவிடக் கணிசமாக அதிகம். சாட்டிலிருந்து நிறைய மாதிரிகள் எடுத்ததால் அப்படித் தெரிகிறதா என்று மாதிரி எண்ணிக்கையைச் சமன்செய்து பார்த்தார்கள். அப்போதும் அதிகம்தான். அது பெரிய, நிலையான கூட்டத்துக்கு உரிய அடையாளம்.

யோசித்துப் பாருங்கள். வருடத்துக்கு 10, 15 மனிதர்கள் மட்டுமே சுமக்கும் ஒரு புழுக்கூட்டத்தில் இவ்வளவு வகைகள் தங்கியிருக்க வாய்ப்பில்லை. சிறு கூட்டத்தில் வகைகள் தலைமுறைக்குத் தலைமுறை உதிர்ந்துகொண்டே போகும். உதிரவில்லை என்றால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பெரிய கூட்டம் இருந்திருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த இடம் நாய்தான். இன்று சாட்டில் பரவலைத் தாங்கிப் பிடிப்பது நாய்கள்தான் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2020-ல் வெளியான முழு மரபணுத் தொகுதி ஆய்வும் மனிதப் புழுவும் விலங்குப் புழுவும் ஒரே கூட்டம் என்பதை உறுதிசெய்தது.

ஆக, மூன்றாவது விளக்கம்தான் மிஞ்சியது. 2000-க்கும் 2010-க்கும் இடையே சாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. கிராமம் கிராமமாகத் தேடும் அமைப்பு பலவீனமாக இருந்தது. யாரும் பார்க்காததால் புழு இல்லை என்று ஆகிவிடாது. அதிலும் நாயை யார் பார்த்தார்கள்?

நாய்க்கு எப்படி வருகிறது?

நாய் தண்ணீர் குடிக்கும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். நாக்கால் நக்கி நக்கிக் குடிக்கும். அப்படிக் குடிக்கும்போது தண்ணீர்ப் பூச்சி உள்ளே போவது குறைவு. அப்படியிருக்க இத்தனை நாய்களுக்கு எப்படி?

வலுவான சந்தேகம் மீன் மீது விழுந்தது. தண்ணீர்ப் பூச்சியை மீன் தின்னும். மீன் குடலை நாய் தின்னும். தவளை இன்னொரு வழி. தவளையின் உடலில் புழுக்குஞ்சு உயிரோடு தங்கும் என்பது பரிசோதனைகளில் தெரிந்தது. சாரி ஆற்றில் கோடைக் காலத்தில் தண்ணீர் வற்றும்போது பெரிய அளவில் மீன் பிடிப்பார்கள். குடலையும் பொடி மீன்களையும் கரையில் எறிந்துவிடுவார்கள். சுற்றி நிற்கும் நாய்களுக்கு விருந்து.

பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாட் நாட்டு நாய்களின் கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவிகளை மாட்டி, அவை எங்கே போகின்றன, என்ன தின்கின்றன என்று தொடர்ந்து பார்த்தார்கள். நாய்கள் தின்னும் மீனில் பெரும்பகுதி மனிதர்கள் எறிந்ததுதான் என்று தெரிந்தது. சரியாக வேகாத மீன் மூலம் மனிதருக்கும் வரலாம். அப்படியென்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வந்த மனித நோய்க்கும் விளக்கம் கிடைக்கிறது. ஒரே குட்டையில் குடித்தவர்கள் இல்லை அவர்கள்.

இது தெரிந்ததால் என்ன மாறியது?

வேலையே மாறியது. துணியில் தண்ணீரை வடிகட்டுங்கள் என்று மனிதர்களிடம் சொல்லலாம், நாயிடம் சொல்ல முடியுமா? அதனால் மூன்று புதிய வேலைகள் சேர்ந்தன.

ஒன்று, நாயைக் கட்டிப்போடுவது. புழு வெளிவரும் நாய் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டால் சங்கிலி அறுந்தது. பிறகு, நோய் தென்பட்ட ஊர்களில் எல்லா நாய்களையுமே மாதக்கணக்கில் கட்டிவைக்கும் முறை வந்தது. 

இரண்டு, மீன் குடலைக் குழி தோண்டிப் புதைப்பது. மீனவர்களிடமும் மீன் கழுவும் பெண்களிடமும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள்.

மூன்று, தகவல் சொன்னால் பணம். மனித நோயாளியைப் பற்றிச் சொன்னால் ஒரு தொகை, புழு உள்ள நாயைக் காட்டி அதைக் கட்டியும் வைத்தால் ஒரு தொகை.

கூடவே நீர்நிலைகளில் டெமிஃபாஸ் மருந்து. இது நமக்குப் பழக்கமான சரக்குதான். டெங்கு சீசனில் கொசுப்புழுவை ஒழிக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவார்களே 'அபேட்', அதுவேதான். அங்கே தண்ணீர்ப் பூச்சியைக் கொல்ல.

பலன் தெரிந்தது. 2019-ல் சுமார் 1,900 ஆக இருந்த சாட்டின் நாய் எண்ணிக்கை 2024-ல் 300-க்கும் கீழே வந்துவிட்டது. கண்டறிந்த எதிரி சரியான எதிரிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்த வெற்றியை யார் தோளில் சுமக்கிறார்கள் என்பதையும் பார்க்கணும். கட்டிப்போட்ட நாய்க்குத் தினமும் சோறும் தண்ணீரும் வைக்கணும். அவிழ்த்துவிட்டால் அதுவே தேடித் தின்றுகொள்ளும். தனக்கே சாப்பாடு போதாத வீட்டில் இது கூடுதல் சுமை. வயலையும் ஆட்டையும் காவல் காக்கும் நாய் மாதக்கணக்கில் முளையில் கிடப்பது நாய்க்கும் நல்லதில்லை, ஆளுக்கும் நல்லதில்லை. சுற்றறிக்கை விட்டு இதைச் சாதிக்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும்.

மரபணு எல்லாவற்றையும் சொல்லிவிட்டதா?

இல்லை. இரண்டு எல்லைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, நாய்ப் புழுவும் மனிதப் புழுவும் ஒரே கூட்டம் என்று மரபணு சொல்லும். ஆனால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற திசையை அது மட்டும் தனியாகச் சொல்லாது. நாய்தான் முக்கியக் காரணம் என்ற முடிவு, மரபணுவையும் எண்ணிக்கையையும் களத்தில் பார்த்ததையும் சேர்த்து எடுத்த முடிவு. நாய்க்குக் கொடுத்ததே மனிதர் எறிந்த மீன் குடல் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் 'நாய்தான் குற்றவாளி' என்று எழுதினால் பாதிக் கதைதான்.

இரண்டாவது, ஆய்வகத்துக்கு வருவது தோலைத் துளைத்து வெளிவந்த, யாரோ ஒருவர் பார்த்து எடுத்துக்கொடுத்த பெண் புழு மட்டும்தான். காட்டுப் பூனையிடமும் பபூன் குரங்கிடமும் இந்தப் புழு கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. எத்தியோப்பியாவில் பபூன்கள் பெரிய தலைவலி. கட்டிப்போட முடியாத விலங்குகளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை மாதிரி கிடைத்தால்தான் சொல்ல முடியும்.

இருந்தாலும் மரபணுவின் பயன் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த வருடம் ஒரு ஊரில் வந்த புழு, போன வருடம் எந்த ஊரில் வந்த புழுவின் பிள்ளை என்று உறவுமுறை பார்க்கிற அளவுக்கு முறைகள் வந்துவிட்டன. தப்பித்துப்போன கண்ணி எது, எந்த ஊரில் வேலை சரியாக நடக்கவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

வியட்நாம் சொல்லும் எதிர்க்கதை

மரபணுப் பரிசோதனை எதற்கு, பார்த்தாலே தெரியாதா என்று கேட்பவர்களுக்கு வியட்நாம் நல்ல பதில். அங்கே 2020-ல் ஒருவரின் உடலிலிருந்து கினிப் புழு மாதிரியே ஒரு நீளப் புழு வெளிவந்தது. நோய் இல்லாத நாட்டில் நோய் வந்துவிட்டதா என்று பதற்றம். மரபணுவைப் பார்த்தால் அது கினிப் புழுவே இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, விலங்குகளிடமிருந்து வந்த வேறொரு இனம்.

சாட்டில் 'வேறு இனமாக இருக்கும்' என்ற நம்பிக்கையை மரபணு உடைத்தது. வியட்நாமில் 'அதே புழுதான்' என்ற பயத்தை உடைத்தது. இரண்டு இடத்திலும் கண்ணுக்கு ஒரே வெள்ளை நூல்தான் தெரிந்தது.

இனி என்ன?

1991-ல் உலக நாடுகள் கூடி, 1995-க்குள் இந்த நோயை ஒழிப்போம் என்றன. அந்தக் கெடு தள்ளித் தள்ளி இப்போது 2030-ல் வந்து நிற்கிறது. இதை முன்னெடுத்த முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், தனக்கு முன்னால் கடைசிக் கினிப் புழு சாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 2024 டிசம்பர் 29-ல் 100 வயதில் அவர் இறந்தார். புழு இன்னும் இருக்கிறது.

அங்கோலா, சாட், எத்தியோப்பியா, மாலி, தெற்கு சூடான், சூடான் ஆகிய ஆறு நாடுகள்தான் இன்னும் சான்றிதழ் பெற வேண்டியவை. சான்றிதழுக்கான நிபந்தனையும் மாறிவிட்டது. மனிதர்களில் பூஜ்யம் மட்டும் போதாது. விலங்குகளிலும் பூஜ்யம், அதுவும் தொடர்ந்து 3 ஆண்டுகளுக்கு இருக்கணும். நாய்க்குள் இருப்பதும் அதே புழுதான் என்று மரபணு நிரூபித்த பிறகு வேறு வழியில்லை.

இதனால் வேலை கடினமாகிவிட்டது. 15 மனிதர்களைத் தேடுவதற்கும், நூற்றுக்கணக்கான நாய்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கட்டிவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. '15 பேருக்கு இவ்வளவு செலவா? கட்டுக்குள் வைத்தால் போதாதா?' என்ற கேள்வி நிதி கொடுப்பவர்களிடமிருந்து வரத்தான் செய்யும். அதற்கும் சாட்டின் கதையிலேயே பதில் இருக்கிறது. அங்கே பத்து ஆண்டுகள் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தது. பார்ப்பதை நிறுத்திய இடத்தில் புழு தன் வேலையை நிறுத்தவில்லை. 15 என்ற எண்ணில் விட்டுவிட்டால் அது 15-லேயே நிற்கும் என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

இந்தியாவில் இந்தப் புழு இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இதில் நமக்கும் ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது. நாயிடமிருந்து மனிதருக்கு வரும் நோய் என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ரேபிஸ். கொக்கிப்புழு, உருளைப்புழு என்று நாய்க்கும் நமக்கும் பொதுவான ஒட்டுண்ணிகள் இன்னும் நிறைய. மருத்துவமனைக்கு வரும் மனிதர்களை எண்ணுகிறோம். தெருவில் இருக்கும் நாயை எண்ணுவது கால்நடைத் துறையின் வேலை, தண்ணீரைப் பார்ப்பது இன்னொரு துறையின் வேலை. சாட்டில் புழு ஒளிந்திருந்தது இந்த இடைவெளியில்தான். ஒரு நோய் எங்கெல்லாம் வாழ முடியுமோ அங்கெல்லாம் தேடிப் பார்த்த பிறகு வரும் பூஜ்யத்தை மட்டும்தான் நம்பலாம்.